கை நனைக்காத விருந்தாளிகளோடு நூற்று நாற்பது கிலோமீட்டர்

காலை 5.40, ஓசூர் பேருந்து நிலையம். 1994, பொங்கல் கழிந்த வியாழக்கிழமை. எனக்கு வார விடுமுறை. திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து இரவெல்லாம் பஸ் மாறி மாறி வந்த இருவர், துண்டால் காதை மூடிக்கொண்டு இறங்கினார்கள். எனக்குப் பேசியிருக்கும் பெண்ணின் அப்பா கோவிந்தராசு, அவருடைய அக்கா ராஜாம்பாள். மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருக்கிறார்கள்.

பெண்ணை நான் பார்த்தாகிவிட்டது. பிடித்துவிட்டது. இனி அவர்கள்தான் சொல்லவேண்டும். ஆனால் அதை வாயால் சொல்ல மாட்டார்கள். சம்மதம் என்றால் மாப்பிள்ளை வீட்டில் கை நனைப்பார்கள், அதாவது சாப்பிடுவார்கள். இல்லையென்றால் தண்ணீர்கூடக் குடிக்காமல் 'கடுதாசி போடுறோம்' என்று கிளம்பிவிடுவார்கள். அந்தக் கடிதம் யாருக்கும் வந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு அப்பா அம்மா இல்லை. வீடு என்பது மூக்கண்டப்பள்ளியில் வரிசையாகக் கட்டிய ஒன்பது அறைகளில் ஒன்று, பத்துக்குப் பத்து. ஒன்பது அறைக்கும் சேர்த்து ஒரே குழாய். அதனால் ஒரு திட்டம் போட்டேன். பகல் முழுக்க ஊரைச் சுற்றிக்காட்டுவது, இருட்டிய பிறகு வீட்டைக் காட்டுவது. எட்டாவதோடு படிப்பை விட்டவன் போட்ட திட்டம் வேறெப்படி இருக்கும்? மூன்று வருடமாக ஓசூரில் லேத் ஓட்டுகிறேன், ஒரு இடமும் பார்த்ததில்லை. உடன் வேலை செய்பவர்களைக் கேட்டு ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டேன்.

6.15. பேருந்து நிலையத்துக் கட்டணக் குளியலறை. வெந்நீர் ஆளுக்கு மூன்று ரூபாய். நான் கொடுக்கப் போனேன். கோவிந்தராசு என் கையைத் தள்ளிவிட்டுத் தானே கொடுத்தார். அவரை மாமா என்று கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இல்லை, சார் என்றால் அந்நியமாக இருக்கும். அன்று முழுக்க அவரை எப்படியும் கூப்பிடாமலேயே பேசினேன். நீங்களும் முயன்று பாருங்கள், மிகக் கடினம்.

7.00. வாடகைக் கார், நாள் முழுக்க முந்நூற்றைம்பது ரூபாய். ஓட்டுபவர் கரீம் பாய். முதலில் ஊருக்கு நடுவே நிற்கும் மலைக்கோயில். பனி விலகாத நேரம். கோபுரத்தின் மேல்பாதி மட்டும் தெரிந்தது. ராஜாம்பாள் பாறையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"எங்க ஊர்ல மேட்ட பாக்கணும்னா வரப்புலதான் ஏறணும். இம்மாம் பெரிய கல்ல யாரு கொண்டாந்து போட்டா?"

"அது அங்கியே இருந்துச்சுங்கம்மா," என்றார் கரீம் பாய். "நாமதான் கொஞ்சம் லேட்டா வந்தோம்."

8.45. கெலவரப்பள்ளி அணை, பத்து கிலோமீட்டர். கோவிந்தராசு பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். தண்ணீரைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது. இது என்ன ஆறு, எந்த மாதம் மதகு திறப்பார்கள், எத்தனை போகம் என்று கேள்விமேல் கேள்வி. தென்பெண்ணை என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை, வியர்த்துவிட்டது. நல்லவேளை, ஒரு விவசாயி வந்தார். அவர் தெலுங்கில் சொல்ல, கரீம் பாய் தமிழில் சொன்னார்.

"எத்தன பாஷ தெரியும் ஒனக்கு?" என்றார் ராஜாம்பாள்.

"வீட்ல தமிழு, மார்க்கெட்ல தெலுங்கு, பெங்களூர் போனா கன்னடம். போலீஸ்காரர் நிறுத்துனா ஒண்ணுமே தெரியாது."

ராஜாம்பாள் சிரித்த சிரிப்பில் கரையிலிருந்த கொக்கு பறந்தது. கோவிந்தராசு சிரிக்கவில்லை. "பொண்ணு இஞ்ச வந்தா யாருகூட பேசும்?" என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னார். டீ வாங்கி வந்தேன், ஒன்றரை ரூபாய் டீ. வேண்டாம் என்று கையைக் காட்டினார். அவர்கள் கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைப் பிரித்து அவர்களே சாப்பிட்டார்கள்.

10.20. ராயக்கோட்டைச் சாலையில் சானமாவுக் காடு. கரீம் பாய் வண்டியை நிறுத்தினார். சாலை நடுவே யானை லத்தி, இன்னும் ஆவி பறந்தது.

"திரும்பிரலாங்க பாய்! இப்பவே!" என்று கத்தினேன்.

அதற்குள் ராஜாம்பாள் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். "கோயில் யானை போடுறதும் இதேதான். என்னாத்துக்கு இப்புடி அலர்றே தம்பி?"

அறுத்த கேழ்வரகு வயலுக்கு அப்பால், மரங்களின் ஓரம், மூன்று யானைகள் போய்க்கொண்டிருந்தன. கடைசியாகப் போனது குட்டி. பயிரைச் சேதப்படுத்துகிறவை என்று பேர் வாங்கியவை போலவே இல்லை, கல்யாணத்துக்கு வந்துவிட்டுத் திரும்புகிறவர்களைப் போல ஆடி அசைந்து போயின. கோவிந்தராசு கும்பிட்டார். நான் இருக்கையை இறுகப் பிடித்தபடிதான் பார்த்தேன். ஆனாலும் பார்த்தேன்.

11.30. ராயக்கோட்டை. திப்பு காலத்துக் கோட்டை, செங்குத்தான பாறை. ராஜாம்பாளுக்கு அறுபது வயது. அவர் முன்னே ஏற, நான் பின்னே குளுக்கோஸ் பாக்கெட்டோடு மூச்சு வாங்கினேன். மேலே இடிந்த சுவர், பாறைக் குழியில் தேங்கிய பச்சைத் தண்ணீர், அப்புறம் காற்று. சுற்றிலும் குன்றுகள். அவற்றுக்கு நடுவே சிவப்பு மண்ணில் மாந்தோப்புகள் பூத்து நின்றன. ராஜாம்பாள் இரண்டு கையையும் விரித்து நின்று "ஏ கோவிந்து!" என்று கூப்பிட்டார். எதிர்க் குன்றும் கூப்பிட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டார், அரை மணி நேரம் இறங்க மாட்டேன் என்றார்.

2.30. கிருஷ்ணகிரி அணை. பூங்கா வாசலில் மீன் பொரிக்கும் கடைகள். அப்போதுதான் அணையில் பிடித்தது, மிளகாய் தடவி எண்ணெயில் போடுகிறார்கள். துண்டு நாலு ரூபாய். அந்த வாசனையில் ராஜாம்பாள் நின்றுவிட்டார்.

"நான் பொண்ணுக்கு அத்தைதானே? எனக்கு இந்தச் சட்டம் கெடையாது."

"அக்கா!" என்றார் கோவிந்தராசு.

"சரி சரி, என் காசுலதான் திங்கப்போறேன்." மடியிலிருந்து காசெடுத்து வாங்கினார். எனக்கும் ஒரு துண்டை நீட்டினார். வாங்கலாமா, வாங்கினால் அதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா என்று நான் கோவிந்தராசைப் பார்த்தேன்.

"தின்னு தம்பி. நீ சாப்புடுறதுல ஒண்ணுமில்ல, நாங்க சாப்புடுறதுலதான் இருக்கு," என்றார் ராஜாம்பாள்.

கோவிந்தராசு அணைக்கரையில் தனியாக நின்றார். நான் பக்கத்தில் போனேன். "காலையில பாத்த அதே தண்ணியா இது?" என்று கேட்டார். அதே தென்பெண்ணைதான் என்றேன். "நாம கார்ல வந்தோம், இது நடந்து வந்துருக்கு," என்று முதல்முறையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இந்த இடமெல்லாம் நானும் இன்றைக்குத்தான் பார்க்கிறேன். வீடு ஒரு அறைதான், குழாய் பொது, சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருக்கிறது, இருட்டட்டும் என்றுதான் சுற்றுகிறோம்.

அவர் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "மூணு ரூவா வெந்நிக்கு அழைச்சிட்டுப் போனப்பவே தெரியும். அக்காதான், பேசாம வா, ஊரையாவது பாத்துக்குவோம்னுச்சு. சரி, பொழுதோடயே போவோம். வெளிச்சத்துல பாக்குறேன்."

திரும்பும் வழி ஐம்பது கிலோமீட்டர். சூளகிரி வந்ததும் போனதும் எனக்குத் தெரியாது.

5.10. மூக்கண்டப்பள்ளி. வெயில் சரியாக என் கதவின்மேல் அடித்தது. இரண்டு அடி எடுத்து வைத்தால் அறை முடிந்துவிடும், அதைக் கோவிந்தராசு நிதானமாகச் சுற்றிப் பார்த்தார். குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்கள் அவரை நிறுத்தி, யார், எந்த ஊர் என்று விசாரித்தார்கள். ஒருத்தி ஆரணி, ஒருத்தி மதுரை, ஒருத்தி மாலூர். மதுரைக்காரம்மா, "பொண்ணு கொடுக்கப் போறீங்களா? அனுப்புங்க, நாங்க எட்டு வீடு இருக்கோம்ல?" என்றார். கோவிந்தராசு அங்கேயே வெகுநேரம் நின்று பேசினார். காலையில் கேட்ட கேள்விக்கு அவருக்குப் பதில் கிடைத்திருக்க வேண்டும். பேச்சு முடிந்ததும் குனிந்து அந்தக் குழாயில் கையைக் கழுவினார். முழங்கைவரை, மெதுவாக, துணியில் துடைக்காமல்.

"அக்கா, அரிசி இருக்கான்னு பாரு."

ராஜாம்பாள் அதற்குள் ஸ்டவ்வுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். சோறும் மிளகு ரசமும், ஆரணிக்காரம்மா கொடுத்த அவரைக்காய்ப் பொரியலும். கரீம் பாயையும் உட்கார வைத்தோம். நாலு பேர் உட்கார்ந்ததும் கதவைத் திறந்து வைக்கவேண்டியிருந்தது, என் கால் வாசலுக்கு வெளியே இருந்தது. ரசத்தில் உப்பு அதிகமோ என்று நான் பயந்துகொண்டிருக்கும்போது கோவிந்தராசு தட்டை நீட்டினார்.

"மாப்ள, இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க."

7.30. சேலம் பேருந்து. இந்த நிலையத்தில் ஊருக்குக் கிளம்புகிறவர்களை மூன்று வருடமாகப் பொறாமையோடுதான் பார்த்திருக்கிறேன். அன்று பேருந்து போன பிறகும் அங்கேயே நின்றேன். அவர்கள் அவர்கள் ஊருக்குப் போகிறார்கள், நான் என் ஊரில் நிற்கிறேன் என்று தோன்றியது. பங்குனியில் தேதி வைக்கலாம் என்றிருக்கிறார்கள். அந்த மாதம் ஒரு வாரம் லீவு கிடைக்குமா என்பதுதான் இப்போது தூக்கத்தைக் கெடுக்கிறது.