நெல்லுக்குப் பயந்த பூசணம்

விசுவமடுவில் எங்கள் பக்கம் நெல் காயப்போடத் தார் றோட்டை விட்டால் வேறு இடம் கிடையாது. பாதி றோட்டில் நெல்லைப் பரப்பி ஓரத்தில் கல்லு வைத்துவிட்டால், மிச்சப் பாதிதான் ஊருக்கு. இதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. அன்று பஸ்காரனுக்கு இருந்தது. கல்லையும் தாண்டி என் நெல்லின் மேலாலேயே போனான். நான் விடுவேனா? பஸ்ஸுக்குப் பின்னால் ஓடி, கையை வீசி, இருக்கிற ஒரேயொரு கண்ணையும் அகல விழித்துக்கொண்டு அவனுடைய பரம்பரையையே இழுத்துத் திட்டினேன். பஸ்ஸின் சில்லு கிளப்பிய தூசும் நெல்லுச் சுணையும் நேராக அந்தக் கண்ணுக்குள் ஏறின.

ஒரேயொரு கண் என்றேன். வலக்கண் சண்டைக் காலத்தில் செல் வெடித்த துண்டு பட்டுப் போய்விட்டது. மிஞ்சியது இடக்கண். நெல்லுக்குக் காவல் நின்ற மகாவீரனுக்கு அதைக் காக்கத் தெரியவில்லை.

அடுத்த நாள் கண் சிவந்து நீர் வடிந்தது. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை.

"இஞ்சாருங்கோ, கிளினிக்குக்குப் போவம்" என்றாள் மனைவி.

நெல்லை மூட்டை கட்டாமல் எங்கே போவது? அதோடு நான் அரை வைத்தியன். மாமிக்குக் கண் ஒப்பரேசன் செய்தபோது கொடுத்த சொட்டு மருந்து அலுமாரியில் பாதிப் போத்தல் கிடந்தது. மாமிக்குச் சுகம் தந்த மருந்து மருமகனுக்குத் தராதா? விட்டேன். சிவப்புக் குறைந்தது.

"பாத்தியா? ஆஸ்பத்திரி லைனிலை நிக்கிறவை எல்லாம் விசரர்" என்று மனைவிக்கு ஒரு பிரசங்கமும் வைத்தேன்.

சில நாளில் கருவிழியின் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி விழுந்தது. ஒரு காலை குசினி வாசலில் மனைவியின் குரல் கேட்டது, முகம் இருக்கவேண்டிய இடத்தில் புகைதான் தெரிந்தது. பிரசங்கம் நின்றுபோனது. அவள் என் கையைப் பிடித்துக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள்.

கண் டொக்டர் ஒரு இளம் பெண்பிள்ளை.

"கண்ணுக்கு ஏதும் மருந்து விட்டனீங்களோ ஐயா?"

"இல்லை டொக்டர், பச்சைத் தண்ணி மட்டுந்தான்."

மனைவி கைப்பையிலிருந்து போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள். டொக்டர் அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தா. பிறகு மருந்து விட்டுக் கண்ணை விறைக்கப்பண்ணி, வெள்ளைப் புள்ளியை மெல்லச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி, நுணுக்குக்காட்டியில் பார்க்கக் கொடுத்தனுப்பினா. முடிவு வந்தது.

"கண்ணிலை பூசணம் பிடிச்சிருக்கு ஐயா. பங்கசு. நெல்லுத் தூசோடை வந்திருக்கும், அறுவடைக் காலத்திலை இப்பிடி ஆக்கள் வாறவை. நீங்கள் விட்ட மருந்து ஒப்பரேசன் கண்ணுக்கு நல்லது. இதுக்கு விட்டா, சிவப்பை மறைச்சுப்போட்டு உள்ளுக்கை பங்கசை வளர விடும். சோறு போட்டு வளத்திருக்கிறீங்கள்."

பூசணம்! நான் நெல்லைக் காயப்போட்டதே பூசணம் பிடித்துவிடும் என்றுதான். நெல் நன்றாகக் காய்ந்து சாக்குக்குள் சுகமாக இருந்தது.

"கண் தப்புமோ டொக்டர்?"

"மருந்து விட்டுப் பாப்பம்."

அவ ஓம் என்று சொல்லவில்லை. வார்ட்டில் படுக்கவைத்து மணிக்கொருக்கால் மருந்து விட்டார்கள். கண் எரிந்தது. அதைவிட, இனி மனைவியின் கையைப் பிடித்துத்தான் கக்கூசுக்கும் போகவேண்டுமோ என்ற பயம் எரித்தது. "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்று அவள் ஒருமுறை சொன்னாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கண் தப்பியது. நடுவில் தழும்பு இருப்பதால், ஆளைப் பார்ப்பதற்குக் கோழி மாதிரித் தலையைச் சரிக்கவேண்டும். இப்போது யாரோடும் முறைத்துச் சண்டை பிடிக்க முடிவதில்லை, முறைத்தால் சிரிக்கிறார்கள்.

இந்த அறுவடைக்கும் அதே றோட்டில்தான் காயப்போட்டோம். பஸ் வரும் சத்தம் கேட்டது. வாயைத் திறக்கப்போனேன்.

"கண்ணை மூடுங்கோ!" என்று மனைவி கத்தினாள்.

இறுக்கி மூடினேன். நெல்லின் மேல் சில்லு ஏறுவது நொறுநொறுவென்று கேட்டது. ஏறட்டும்.

"பஸ் போயிட்டுது" என்றாள் அவள். இருந்தும் கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது. அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டுதான் திறந்தேன். முகம் தெரிந்தது.