சுவரில் முளைத்த கை

குபூஸ் ரொட்டியில் பூசணம் பூத்துவிட்டால் நான் அதை உடனே தூக்கிப் போடமாட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பேன். வீட்டில் பிள்ளைகள் கேலி செய்வார்கள். ஏன் நிற்கிறேன் என்று அவர்களிடம் சொன்னதில்லை. உங்களோடு சேர்த்து அவர்களும் இதைப் படிக்கட்டும்.

அப்போது எனக்கு ஏழு வயது. ஷார்ஜா தொழிற்பேட்டையை ஒட்டிய பழைய கட்டடத்தில் ஓர் அறையும் ஓர் அடுப்படியும்தான் எங்கள் வீடு. வாப்பா வண்டி உதிரிபாகக் கடை வைத்திருந்தார். கோடை லீவுக்கு ஊருக்குக் கிளம்பும்போது, ஆளில்லாத வீட்டுக்கு எதற்குக் கரண்ட் என்று மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். அங்கே பலரும் ஒரு தடவையாவது செய்கிற தப்பு அது.

ஊருக்குப் போன இடத்தில் உம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. அதிலேயே மவுத்தாகிவிட்டார்; ஊரிலேயே அடக்கினோம். மாமி என்னை ஊரில் வைத்துக்கொள்வதாகச் சொல்லியும் வாப்பா சம்மதிக்கவில்லை. நாங்கள் இரண்டு பேர் மட்டும் திரும்பி வந்தோம்.

கதவைத் திறந்ததும் நனைந்த சாக்கு நாற்றம். ஏசி ஓடாத வீட்டுக்குள் கடல் ஈரம் புகுந்து கோடை முழுக்கத் தங்கியிருந்தது. செருப்பில் பச்சை ரோமம். பெட்டி மேல் வெள்ளைப் பஞ்சு. வாப்பாவின் பெல்ட் ஏதோ செத்த பிராணி மாதிரி ஆணியில் தொங்கியது.

ஷார்ஜாவிலேயே வேலை பார்த்து, அன்று துணைக்கு வந்த சாச்சா, அதாவது வாப்பாவின் தம்பி, மூக்கைப் பொத்திக்கொண்டு, “என்ன காக்கா, வாடகை குடுக்காம யாரோ குடியிருந்திருக்காப்ல” என்று அண்ணனிடம் சொன்னார்.

வாப்பா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. யார் என்று நான் பார்த்துவிட்டேன்.

அடுப்படி வாசலை ஒட்டிய சுவரில் உம்மா இருந்தார்.

மத்தியானம் வேலை முடிந்ததும் உம்மா அங்கேதான் சாய்ந்து உட்காருவார். தலை எண்ணெயும் வியர்வையும் பட்டுப் பட்டுச் சுவரில் கறை ஊறியிருந்தது. இப்போது அந்தக் கறை முழுக்கக் கரும்பச்சையாகத் துளிர்த்திருந்தது. வட்டமாக ஒரு தலை, கீழே இரண்டு தோள். கிட்டப் போனால் மெல்லிய முடி தெரிந்தது.

வாப்பாவும் சாச்சாவும் கையுறை மாட்டிக்கொண்டு, ப்ளீச் தண்ணீரால் வீட்டைத் துடைத்தார்கள். அந்தச் சுவருக்கு வந்ததும் வாப்பா, “இத நான் பாத்துக்கிறேன், நீ போ” என்று தம்பியை அனுப்பிவிட்டு, வாளியோடு குளியலறைக்குள் போனார். வெகுநேரம் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தவர் சுவரை மறந்துவிட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால், வாப்பா வரும்வரை நானும் சுவரும்தான். உடனே ஏசியை அணைப்பேன். உம்மாவுக்குக் குளிர் ஆகாது. நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டு அவர் தடித்துக்கொண்டே வந்தார். ஆனால் தோளுக்குக் கீழே ஒன்றுமில்லை. கை இல்லாமல் என்னை எப்படித் தொடுவார்? உம்மாவின் எண்ணெய்ப் புட்டியில் விரலைத் தொட்டு, தோளிலிருந்து ஒரு கை வரைந்தேன். ஐந்து விரலும் வைத்தேன். சில வாரத்தில் எண்ணெய் போன வழியெல்லாம் புள்ளி புள்ளியாகக் கறுத்தது. கை வந்துவிட்டது. வாப்பா அந்தச் சுவர்ப் பக்கம் திரும்புவதே இல்லை. அதற்குப் பக்கத்தில் கன்னத்தை வைத்துத் தூங்குவேன்.

நான் அதிகம் படித்தவனில்லை. பிற்பாடு கேட்டும் வாசித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பூசணம் செடியில்லை. உறவுமுறை பார்த்தால் செடியைவிட நமக்குத்தான் அது கிட்டத்துச் சொந்தமாம். அதற்கு வாய் கிடையாது. கிடக்கிற இடத்திலேயே சாறு விட்டு, இரையை வெளியில் கரைத்து, பிறகு உறிஞ்சும். ரொட்டி மாவைப் புளிக்க வைப்பதும், மருந்தாகி உயிரைக் காப்பதும் அதன் சொந்தக்காரர்கள்தான். நம் எல்லோர் தலையிலும் ஒருவகைப் பூஞ்சை எண்ணெய்ப் பசையைத் தின்று வாழ்கிறது. பிறந்த குழந்தைக்கு அது பெரும்பாலும் தாயின் தோலிலிருந்துதான் வந்து ஒட்டுகிறது. அந்தச் சுவரில் வளர்ந்ததும் உம்மா விட்டுப்போன எண்ணெயையும் தோல்துகளையும் தின்றுதான் வளர்ந்தது. அப்படியென்றால் அதை உம்மா இல்லை என்று எப்படி முழுசாகச் சொல்வது? இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

எனக்கு இளைப்பு வந்தது. மூச்சு இழுத்தால் நெஞ்சுக்குள் விசில் ஊதியது. உதடு நீலம் பாய்ந்ததும் வாப்பா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரியில் புகை மாதிரி மருந்தை மூக்கில் வைத்தார்கள். நாகர்கோவில் பக்கத்து நர்ஸ் ஒருவர், “வீட்டுல பூசணம் ஏதும் உண்டுமா? இருந்தா மொதல்ல அதக் களையணும், கேட்டேளா?” என்றார். வாப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே சாச்சா, “புள்ளைய மாமிக்கிட்ட அனுப்பிருங்க காக்கா. இங்க வச்சு என்ன செய்யப் போறிய?” என்றார்.

“இவனும் போயிட்டா?” என்றார் வாப்பா.

வீட்டுக்கு வந்ததும் வாப்பா நேராக அந்தச் சுவரின் முன் போய் நின்றார். கையைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் வந்தார்.

“இது முன்ன இல்லையே.”

குனிந்து சுவரிலிருந்த விரல்களை முகர்ந்து பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னை வாசலுக்கு வெளியே உட்காரவைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, வாளியைக் கொண்டுவந்தார்.

முதலில் கை போனது. பிறகு தோள். வெளியிலிருந்து நான் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டு மலையாளி சேச்சி வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். தலை மட்டும் மிஞ்சியபோது வாப்பா துணியை வாளிக்குள் போட்டார். கையுறையைக் கழற்றினார். உள்ளங்கையை அந்த வட்டத்தின் மேல் வைத்து, அப்படியே நின்றார்.

சுவர் இன்னும் ஈரமாக இருக்கிறதா என்று பார்க்கிறார் போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன்.