கம்பி படாத இடம்

பேய் பிசாசு என்று எவனாவது ஆரம்பித்தால் வகுப்பை விட்டே விரட்டுகிற அறிவியல் வாத்தியார் நான். இதைச் சொன்னால் சிரிப்பீர்கள், தெரியும். சிரித்துவிட்டுப் போங்கள், நடந்தது நடந்ததுதான்.

ஐம்பதுகளின் கடைசியில், கீரனூரில் எங்கள் ஒரே மகள் ரோசி டைபாய்டு காய்ச்சலில் இறந்துபோனாள். அதற்குப் பிறகு எனக்கு வலிப்பு வர ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவையும் விழுவதற்கு முன்னால் இடது காதில் அவள் குரல் கேட்கும், "அப்பா, தண்ணி குடு" என்று. கடைசி நாட்களில் அவள் கேட்டுக்கொண்டே கிடந்தது அதைத்தான். நான் கண் விழித்ததும் என் மனைவி செசிலி, வாய் நுரையைக்கூடத் துடைக்காமல், "ஏங்க, புள்ள என்ன சொன்னா?" என்பாள். அவளுக்கு என் வலிப்பு வேண்டியிருந்தது. எனக்கோ, வகுப்பில் பிள்ளைகள் முன்னாலேயே விழுந்து, வேலை போய்விடும் நிலைமை.

"ஆபரேஷன் வேணாங்க, அவளையும் சேத்து வெட்டி எடுத்துருவாங்க" என்று அழுதவளை வீட்டில் விட்டுவிட்டு மெட்ராஸுக்கு ரயிலேறினேன்.

மூளைக்கு வலி தெரியாதாம். மண்டையை மட்டும் மரத்துப்போக வைத்துத் திறந்து, என்னை விழித்தபடியே படுக்க வைத்து, மெல்லிய கம்பியில் லேசாகக் கரண்ட் கொடுத்து டாக்டர் ஒவ்வொரு இடமாகத் தொட்டார். எந்த இடம் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துக்கொண்டு, கெட்டுப்போனதை மட்டும் எடுப்பார்களாம். ஓரிடத்தில் என் கட்டைவிரல் தானாகத் துள்ளியது. இன்னோரிடத்தில் ரோசி தண்ணீர் கேட்டாள். இதுதான் டாக்டர் என்று நானே காட்டிக்கொடுத்தேன்.

"இன்னொரு தடவை தொடுறேன் சார்" என்றார்.

இந்தத் தடவை அவள் தண்ணீர் கேட்கவில்லை. "அப்பா, நான் அம்மாக்கிட்ட போறேன்" என்றாள். பக்கத்தில் நின்று சொல்வது போல அவ்வளவு தெளிவாக.

"ஏதாவது கேட்டுச்சா சார்?"

"கேட்டுச்சு டாக்டர்."

அவர், "இப்ப நான் தொடவே இல்லையே. சோதிச்சுப் பாக்க சும்மா சொன்னேன்" என்றார்.

என்ன கேட்டது என்று அவரிடம் நான் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அந்த இடத்தை எடுத்துவிட்டார்கள்.

தலைக்கட்டோடு கீரனூரில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனேன். அழுது வீங்கிய முகத்தை எதிர்பார்த்துப் போனால், செசிலி தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"ஒங்களுக்கு ஆபரேஷன் பண்ணுன அன்னைக்கே பாப்பா இங்கிட்டு வந்துட்டா. அப்பாக்கிட்ட சொன்னியாடின்னு கேட்டேன். சொல்லிட்டுத்தான் வந்தேன்னா."

பையைக்கூட இறக்கி வைக்காமல் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு வலிப்பு வந்ததே இல்லை. செசிலிக்கும் எந்த நோயும் கிடையாது, டாக்டர்களிடம் காட்டியாயிற்று. ஆனால் இன்றைக்கும் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் கரண்டி அப்படியே நிற்கும், தலை இடது பக்கம் சாயும், முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அறிவியல் வாத்தியார்தான், இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"புள்ள என்ன சொல்றா செசிலி? என்னைக் கேட்டாளா?"

"ஒங்களை ஒண்ணும் கேக்கலைங்க" என்பாள்.