ஒன்பதுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி

என் மேசை இழுப்பறையில் ஒரே ஒரு கணக்கெடுப்புத் தாள் இருக்கிறது. 'உங்கள் வாழ்க்கை எவ்வளவு திருப்தியாக இருக்கிறது? பத்துக்கு எத்தனை?' என்ற கேள்விக்கு நேரே, ஒன்பதைச் சுற்றி நீல மையில் வட்டம். பக்கத்தில் பென்சிலால் வைத்த சிறு புள்ளி. தாள் அக்காவுடையது.

அக்கா என்று நான் கூப்பிடும் அவர் புனேயின் தாபோடிப் பகுதிக்காரர். என் ஆய்வுக்காகத் தன் தெருவில் வீடு வீடாகப் போய் இந்தக் கேள்வியைக் கேட்டவர். என்னைவிட மூத்தவர்; ஆனாலும் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். அதே ஊரில் வசதியானவர்கள் வாழும் பாணேர் அடுக்ககத்தில் உட்கார்ந்து பிறர் நலனை அளந்துகொண்டிருந்த எனக்கு அது உறுத்தியதே இல்லை. மதிப்பெண் குறைந்த தெருவுக்கு முதலில் பால்வாடி திறப்பது என்று திட்டம். பிள்ளைகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிற பெண்கள் அக்காவின் தெருவில் நிறையப் பேர். முதல் வாரமே அக்கா சொன்னார்: "மாமியார் பக்கத்துல உக்காந்திருந்தா எந்த மருமக, மேடம், மூணுன்னு சொல்லுவா? எட்டு, ஒம்பதுதான். அப்படி யாராச்சும் கேட்டுட்டிருந்தா நான் ஒரு புள்ளி வெச்சிடறேன். நீங்க பாத்துக்குங்க." நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சரி என்றேன்.

தாள்களைக் கணினியில் ஏற்றியபோது மென்பொருள் அந்தப் புள்ளிகளில் திணறியது. அறிக்கை கொடுக்க இரண்டே நாள் இருந்தது. அவற்றைக் கறையாக எடுத்துக்கொண்டு நீக்கிவிடும்படி அதற்குச் சொன்னது நான்தான். மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எனக்கு நன்றாக நினைவிருந்தது. செயற்கை நுண்ணறிவு அக்காவின் தெருவை மகிழ்ச்சியான தெரு என்றது. பால்வாடி வேறு பக்கம் போய்விட்டது.

அக்கா போனில் சண்டை பிடிக்கவில்லை. "சலேகா மேடம், அங்கயும் புள்ளைங்க இருக்கில்ல" என்றார். பிறகு, "புள்ளியெல்லாம் பாத்தீங்கல்ல?" என்று கேட்டார். பாத்தேன் அக்கா என்றேன், கூசாமல்.

இப்போது கூட்டங்களில் தரவின் நேர்மை பற்றிப் பேசுகிறேன், கை தட்டுகிறார்கள். போன வாரம் பழைய கட்டுகளைக் கழிக்கும்போது இந்தத் தாள் அகப்பட்டது. கணக்கெடுப்பின் கடைசி நாள், அக்காவின் சமையலறையில் டீ குடித்தபடி, "உங்களுக்கு எத்தனை அக்கா?" என்று நான் கேட்க, சிரித்துக்கொண்டே அவர் நிரப்பிக் கொடுத்தது. ஒன்பது என்றதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பென்சிலை எப்போது எடுத்தார் என்று நான் கவனிக்கவில்லை.

அன்று அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை. அவரும் நானும்தான் இருந்தோம்.