ஸ்டெல்லாவின் குச்சிக்கறி

காலையிலேயே கோழிக்கடைக்காரர் போனில் கையை விரித்துவிட்டார். வண்டி வரவில்லை. வேறு கடைகளில் கேட்ட ரேட் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. செம்பூரில் ஒரு ஞானஸ்நான விருந்துக்கு மதியம் லெக் பீஸ் ஃப்ரை தருவதாக முதலாளி ஒப்புக்கொண்டிருந்தார். லாக்டவுன் தளர்ந்த பிறகு மும்பை தாராவியில் இருந்த எங்கள் கேட்டரிங் கிச்சனுக்கு வந்த முதல் ஆர்டர் அது. அதுவும் போனால் கடையை மூடிவிடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அங்கே ஃப்ரை செக்‌ஷன் மாஸ்டர்.

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த ஸ்டெல்லாதான் முதலாளியைப் பார்த்து வாயைத் திறந்தார். "அண்ணாச்சி, பன்னிக்கறி கிடைக்கும்லா? குச்சியில கோத்து லெக் பீஸ் மாதிரியே செஞ்சு தாரேன்."

அவர் கணவர் வேலை பார்த்த லெதர் பட்டறை மூடிக் கிடந்த மாதங்களில், பிள்ளைகள் லெக் பீஸ் கேட்டு அழுதிருக்கிறார்கள். கோழிக்கு வழியில்லாமல், மலிவாகக் கிடைத்த பன்றிக்கறித் துண்டுகளில் அவராகக் கண்டுபிடித்த பதார்த்தம் அது.

கறியை இஞ்சி, பூண்டு, மிளகு, வினிகர் போட்டுப் பிசறினார். மூங்கில் குச்சியில் நெருக்கிக் கோத்து, மேலே தடித்தும் கீழே ஒடுங்கியும் பிடித்தார். முட்டையில் முக்கி, காய்ந்த பாவ் ரொட்டியைப் பொடித்த தூளில் புரட்டிக் கொடுத்தார். நான் சிவக்கப் பொரித்தேன்.

"உடனே எடுத்து வச்சிராதீங்க மாஸ்டர். மூடி தம்முல போடணும். இல்லன்னா கறி ரப்பரா இழுக்கும்."

தம்மிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் வைத்ததும் மேல்தூள் நொறுங்கியது. உள்ளே கறி பஞ்சாகப் பிரிந்தது. இத்தனை வருஷ அடுப்படியில் நான் பார்க்காத பக்குவம்.

முதலாளியும் ஒன்றைத் தின்றுவிட்டு, "சிக்கன்னே சொல்லிருவோம். எவனுக்குத் தெரியப்போவுது?" என்றார்.

ஸ்டெல்லா எழுந்து நின்றார். "அது மட்டும் வேண்டாம் அண்ணாச்சி. பன்னி திங்காதவங்களும் வருவாங்க. நானே போய் உள்ளதைச் சொல்லுதேன்."

"ஆர்டர் கேன்சல் ஆச்சுன்னா?"

"ஆனா ஆவட்டும்."

முதலாளி ட்ரேக்களை வண்டியில் ஏற்றச் சொன்னார். டெம்போவில் நானும் கூடப் போனேன். விஷயத்தைக் கேட்டதும் விருந்து வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "லெக் பீஸ்னு சொல்லித்தானே ஆர்டர் எடுத்தீங்க? கெஸ்ட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"கோழி வரல சார். இது பன்னிக்கறி. திங்காதவங்களுக்கு முட்டை ரோஸ்ட் தனியா, வேற கரண்டியோட இருக்கு. வேண்டாம்னா திருப்பிக் கொண்டுபோயிருதோம்." ஸ்டெல்லாவின் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

கதவருகே வந்து நின்ற வீட்டுக்காரரின் மனைவி, "என் ஆபீஸ்ல இருந்து வர்றவங்க ரெண்டு பேர் பன்னி தொடவே மாட்டாங்க. சொல்லாம விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? இறக்கச் சொல்லுங்க" என்றார்.

பரிமாறும் மேசையில் ஸ்டெல்லாவே நின்றார். ஒவ்வொருவரிடமும் இன்ன கறி என்று சொல்லிவிட்டுத்தான் தட்டில் வைத்தார். முதலில் காலியானது அந்த ட்ரேதான். கோபப்பட்ட வீட்டுக்காரரே இரண்டாவது முறை தட்டோடு வந்து, "இதுக்கு என்ன பேரும்மா?" என்று கேட்டார்.

"பேரெல்லாம் வைக்கல சார். வீட்டுல குச்சிக்கறின்னு சொல்லுவோம்."

அந்த விருந்தில் சாப்பிட்டவர்களே விக்ரோலியிலிருந்தும் கல்யாணிலிருந்தும் குச்சிக்கறி வேண்டுமென்று போன் செய்தார்கள். கிச்சன் பிழைத்துக்கொண்டது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் என்னிடம் மசாலா அளவு கேட்பார்கள். சொல்லித் தருவேன். ஆனால் நம்மை நம்பி வாய் திறப்பவரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டுப் பரிமாறுவதுதான் முதல் பாடம். அதை எனக்குக் காட்டியவர் ஸ்டெல்லா. நான் ஓய்வு பெற்ற அன்று, ஃப்ரை செக்‌ஷனுக்கு யாரைப் போடலாம் என்று முதலாளி என்னிடம் கேட்கவில்லை. நேராகப் போய் ஸ்டெல்லாவை, "மாஸ்டர்" என்று கூப்பிட்டார்.