கணவாயில் ஒரு சென்றி

முக்திநாத் கோயிலுக்கு வாகனத்திலேயே போகலாம். அக்காவை வாடகைக் குதிரையில் ஏற்றி நேபாள மலைக் கணவாய் வழியாகக் கூட்டிக்கொண்டு போனது என் பிடிவாதம். சில நாள் மலைக்காற்றுப் பட்டால் மனசு இளகும், கோயிலில் அத்தானின் பேருக்கும் ஒரு மோட்ச விளக்கு வைப்பாள் என்று நினைத்தேன்.

சுனாமியில் தேற்றாத்தீவு வீட்டோடு அக்காவின் மகனும் போனான். உடல் கிடைத்தது. அழுதோம், செய்ய வேண்டியதைச் செய்தோம். அத்தான் விஷயம் அப்படியில்லை. சண்டை முடிந்த வருடம், அடையாள அட்டையை மறந்து வைத்துவிட்டு உன்னிச்சை வட்டைக்கு வயல் வெள்ளாமை பார்க்கப் போன மனிதர். வழியில் ராணுவக் காவலரணான சென்றியில் ஆமி மறித்ததைக் கண்டவர்கள் உண்டு. திரும்பி வந்ததைக் கண்டவர் இல்லை. அக்கா இன்னும் பொட்டு வைக்கிறாள். அதைப் பற்றி ஊர் கதைக்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மலைக் கிராமங்களில் எல்லாரும் புத்தரைக் கும்பிடுகிறவர்கள். நல்ல சனம். உப்புப் போட்ட தேநீர் தந்து, அடுப்படியில் படுக்க இடமும் தந்தார்கள். அக்காதான் ஒரு வீட்டிலும் நிம்மதியாக உறங்கவில்லை.

"எங்க புள்ள, ஆமியக் காணல்ல?" என்று என்னிடம் மெல்லக் கேட்டாள்.

கணவாய் உச்சியில் கயிறு கயிறாக, புத்த மந்திரம் எழுதிய வண்ணக் கொடிகள். கண்டதும் அக்கா குதிரையைவிட்டு இறங்கி, மூச்சுத் திணறத் திணற நடந்தாள். எங்கள் பக்கம் பௌத்தக் கொடி பறந்தால் அங்கே சென்றி இருக்கும். சைக்கிளைவிட்டு இறங்கி உருட்டாதவருக்கு அடி விழும். குதிரைக்காரர் சிரித்தார். எனக்கு ஆத்திரம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

கொடிகளுக்குக் கீழே, யாருமில்லாத இடத்தில், அக்கா சட்டைக்குள்ளிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். அவளுடையதோடு அத்தானுடையதும் இருந்தது.

குதிரைக்காரர் அத்தானின் படத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். செத்தவர்களின் பொருளை அங்கே கட்டிவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். ஒரு நூலை எடுத்துக் கொடுத்து, கயிற்றைக் காட்டினார். அக்காவுக்கு விளங்கிவிட்டது. இதற்காகத்தானே கூட்டிவந்தேன் என்று நான் கயிற்றைத் தாழ்த்திப் பிடித்தேன்.

அக்கா முகம் துடைக்கும் தன் லேஞ்சியை மகனுக்காகக் கட்டினாள். அட்டைகளை மறுபடி சட்டைக்குள் வைத்தாள்.

"அத்தானுக்கு?" என்றேன்.

"இதயும் கட்டிப்போட்டா, மறுகா அவர் சென்றியில எதக் காட்டிப்போட்டு வாற?"