மகளின் முகூர்த்தப் புடவையும் என் மூச்சுப் பயிற்சியும்

போன வாரம் ஒரு காலை. கண்ணை மூடி, முதுகை நிமிர்த்தி, 'ஓ...ம்' என்று இழுத்துக்கொண்டிருந்தேன். கதவு டமாரென்று திறந்தது. தியான வகுப்புக்குள் யாராவது இப்படி வருவார்களா? வந்தார், வகுப்புக்குப் பக்கத்து வீட்டில் தறி வைத்திருக்கும் தனசேகர்.

கொஞ்சம் முன்கதை. என் மகளுக்குக் கல்யாணம் நெருங்கிவிட்டது. மண்டபம், சமையல் எல்லாம் ரெடி. முகூர்த்தப் புடவை மட்டும் தனசேகரின் தறியில். காஞ்சிபுரத்தில் பிறந்துவிட்டு, கடையில் தொங்குவதை வாங்கி மகளுக்குக் கட்டுவதா? மானம் என்னாவது? அதனால் சொல்லி நெய்யக் கொடுத்தேன். அவரோ நான் போன் செய்யும்போதெல்லாம், "கொஞ்சம் லேட்டாவுதுமா" என்றார்.

எனக்குத் தூக்கம் போயிற்று. எல்லோர் மீதும் எரிந்து விழுந்தேன். "அம்மா, உன் டென்ஷன் தாங்கல. எங்கனா போய் நல்லா மூச்சு விட்டுட்டு வா!" என்று மகள் துரத்தினாள்.

அப்படித்தான் பிரியா டீச்சரிடம் சேர்ந்தேன். ஏனாத்தூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து சொல்லித் தருகிறார். மூக்கை மாற்றி மாற்றி அடைத்து மூச்சு, அப்புறம் ஓம். ஆரம்பத்தில் என் ஓம் பாதியிலேயே தும்மலாகிவிடும். இப்போதோ... ஏகாம்பரநாதர் கோபுரத்துப் புறாவெல்லாம் எழுந்து பறக்கும்! பக்கத்துத் தறியின் 'டக்... டக்...' கூடத் தாலாட்டு மாதிரி இருந்தது.

அந்தத் தறிக்காரர்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே நின்றார்.

"டீச்சரம்மா, இந்த ஓமை கொஞ்சம் நிறுத்துங்கமா! நீங்க இழுக்க இழுக்க என் கையும் காலும் தானா ஸ்லோ ஆவுது. நான் நெய்யறதா, தூங்கறதா? ஒரு முகூர்த்தப் பொடவை முடியாம நின்னுக்கினு இருக்குது. அந்தம்மா வேற போன் போட்டு உயிர எடுக்குது!"

எந்த அம்மா? மெல்ல ஒரு கண்ணைத் திறந்தேன்.

"ஐயய்யோ... நீங்களாமா?"

என் புடவைக்கு நானே எமன்! வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்காதவர் பல்கீஸ் ஒருவர்தான். மகளுக்கு ஜாக்கெட் தைக்கப்போவது அவர். வகுப்பில் மூச்சுப் பயிற்சி மட்டும் செய்வார், மந்திரம் சொல்ல மாட்டார்.

"பொடவை வந்தாத்தானே நான் ஜாக்கெட் வெட்ட முடியும்? டீச்சர், ஸ்பீடை ஏத்துங்கமா!"

"அக்கா, இது தியானம். ரேஸ் இல்ல!"

"கல்யாணப் பொண்ணு மணையில நைட்டியோட உக்காரட்டுமா?"

அதற்கு எந்த யோக சாஸ்திரத்தில் பதில் இருக்கிறது? டீச்சர் சரணடைந்தார்.

மறுநாளிலிருந்து நீள ஓமுக்கு லீவு. 'நமசிவாய நமசிவாய' என்று குதிரை ஓட்டத்தில் ஜபம். பல்கீஸ் தொடையில் தாளம் போட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் டடக் டடக் டடக்! "இன்னும் கொஞ்சம் வேகமாமா!" என்று தனசேகரின் குரல். எங்களுக்கு மூச்சு வாங்கியது, தலை சுற்றியது, சிரிப்பு தாங்கவில்லை. டீச்சரே பாயில் சாய்ந்துவிட்டார்.

நேற்று புடவை வந்துவிட்டது. அரக்குச் சிவப்பு, மாம்பழ மஞ்சள் பார்டர். மகள் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் திரும்பினாள். இழுத்த மூச்சு இழுத்தபடியே நின்றது. கண் மட்டும் நிறைந்துவிட்டது.

அவள் என்னைப் பார்த்துப் பதறினாள்.

"அம்மா... மூச்சு விடுமா!"